ஓபிஎஸ்ஸில் ஹார்டுவேர் என்கோடர் காணவில்லையா? முழுமையான வழிகாட்டி

ஸ்ட்ரீம், ரெக்கார்டிங் செய்ய உதவும் ஓபிஎஸ் ஸ்டூடியோவில், வீடியோவைச் சுருக்கும் என்கோடர்களின் பட்டியலைத் திறந்தால் சிபியுவில் ஓடும் எக்ஸ்264 மட்டும்தான் இருக்கிறது. காசு போட்டு வாங்கிய கிராபிக்ஸ் கார்டின் பெயரையே காணோம். சிலருக்கு நேற்றுவரை இருந்திருக்கும், விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாள் மறைந்திருக்கும். உடனே டிரைவரைக் கழற்றிப் போடுவது, ஓபிஎஸ்ஸைக் கழற்றிப் போடுவது, அதுவும் சரிவராவிட்டால் விண்டோஸையே புதிதாகப் போடுவது என்று இறங்கிவிடுகிறார்கள். கார்டிலேயே என்கோடர் இல்லாதபோது இத்தனையும் வெட்டி வேலை. அதனால் எதையும் அழிப்பதற்கு முன்னால், கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்போம். அது மூன்று இடங்களில்தான் இருக்க முடியும்: கார்டில் என்கோடரே இல்லை; என்கோடர் இருக்கிறது, ஆனால் டிரைவர் அதைத் திறந்துவிடவில்லை; டிரைவரும் சரி, ஓபிஎஸ்ஸுக்குத்தான் தெரியவில்லை.

கேமை வரைகிற பகுதியும் வீடியோவைச் சுருக்குகிற பகுதியும் ஒரே சிப்பில் இருந்தாலும் வேறு வேறு சுற்றுகள். இன்டெல் 2011இல் சாண்டி பிரிட்ஜ் சிபியுவோடு குயிக்சிங்க் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. என்விடியா 2012இல் கெப்ளர் தலைமுறையில், ஜிடிஎக்ஸ் 680இல் தொடங்கி, என்வென்க் என்று வைத்தது. ஏஎம்டியின் என்கோடர் ஓபிஎஸ்ஸில் ‘ஏஎம்டி எச்டபிள்யூ’ என்று வரும். சுற்று தனி என்பதால் விலை குறைந்த மாடல்களில் அதை விட்டுவிட்டே சிப்பைச் செய்கிறார்கள். கேம் நன்றாக ஓடுகிறது என்பது என்கோடர் இருப்பதற்குச் சாட்சி அல்ல.

முதலில், தேடுகிற இடம் சரியா?

செட்டிங்ஸில் அவுட்புட் பக்கத்துக்குப் போங்கள். மேலே அவுட்புட் மோட் ‘சிம்பிள்’ என்றிருந்தால் என்கோடர் பெயர்கள் ‘ஹார்டுவேர்’, ‘சாஃப்ட்வேர்’ என்று தொடங்கும். என்வென்க் என்பது அடைப்புக்குறிக்குள் ஒளிந்திருக்கும். ‘அட்வான்ஸ்ட்’ என்று மாற்றினால் முழுப் பெயரோடு வரும். ஸ்ட்ரீமோ ரெக்கார்டிங்கோ ஓடிக்கொண்டிருந்தால் இந்தப் பெட்டி மாற்றவே விடாது, நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

காணாமல் போனது எச்.264க்குப் பிந்தைய வீடியோ சுருக்க வகைகளான எச்இவிசி அல்லது ஏவி1 மட்டும் என்றால் அது கோளாறாகவே இல்லாமல் இருக்கலாம். ஸ்ட்ரீம் பக்கத்தில் எந்தச் சேவையைத் தேர்ந்திருக்கிறீர்களோ, அது ஏற்காத வகைகளை ஓபிஎஸ் ஸ்ட்ரீமிங் பட்டியலிலிருந்து மறைத்துவிடும். யூடியூபைத் தேர்ந்தால் வருவது, எச்.264 மட்டும் வாங்கும் சேவையைத் தேர்ந்தால் வராது. அதே நேரம் ரெக்கார்டிங் பக்கத்தில் எல்லாம் இருக்கும். அங்கே இருந்து இங்கே இல்லையென்றால் டிரைவரைத் தொடவே வேண்டாம்.

ஏவி1 விஷயத்தில் இன்னொரு குழப்பம். ஆர்டிஎக்ஸ் 3060 போன்ற 30 வரிசைக் கார்டுகள் ஏவி1 வீடியோவைப் பார்க்க உதவும், உருவாக்க உதவாது. உருவாக்க வேண்டுமானால் என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 40 வரிசையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 7000 முதல். இன்டெலில் ஆர்க் கார்டுகளும் கோர் அல்ட்ரா சிபியுக்களும். 12, 13ஆம் தலைமுறை இன்டெல் சிபியுவில் உள்ள கிராபிக்ஸும் 3060 மாதிரிதான்: பார்க்கலாம், உருவாக்க முடியாது.

லாகைப் படியுங்கள்

பெரும்பாலோர் தவிர்க்கிற இந்தப் படிதான் மீதி எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது. ஓபிஎஸ்ஸை மூடிவிட்டு மறுபடி திறங்கள். ஹெல்ப் மெனுவில் லாக் ஃபைல்ஸ், அதில் ‘வியூ கரன்ட் லாக்’. ஓபிஎஸ் தான் செய்ததையெல்லாம் எழுதிவைத்த குறிப்பு இது, நீளமாக எழுத்துகள் ஓடும். பயப்பட வேண்டாம், மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்.

ஒன்று, மேலே ‘அவைலபிள் வீடியோ அடாப்டர்ஸ்’ என்ற பகுதி. ஓபிஎஸ் கண்ணுக்குத் தெரிகிற கிராபிக்ஸ் எல்லாம் 0, 1 என்று எண்ணிட்டு இருக்கும். உங்கள் கார்டு இங்கேயே இல்லையென்றால் சிக்கல் ஓபிஎஸ்ஸில் இல்லை. விண்டோஸுக்கே கார்டு தெரியவில்லை. ‘மைக்ரோசாஃப்ட் பேசிக்’ என்று தொடங்கும் பெயர் மட்டும் இருந்தால், டிரைவர் ஏறவில்லை என்றோ, மெய்நிகர் கணினிக்குள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றோ பொருள்.

இரண்டு, அதே இடத்தில் டிரைவர் வெர்ஷன். என்விடியா கார்டுக்கு 31.0.15.5176 மாதிரி ஒரு எண் வரும். இது என்விடியா தளத்தில் பார்க்கிற எண் மாதிரி இல்லையே என்று குழம்புவார்கள். புள்ளிகளை விட்டுவிட்டுக் கடைசி ஐந்து இலக்கங்களை எடுங்கள்: 55176. மூன்றுக்குப் பிறகு புள்ளி வையுங்கள்: 551.76. அதுதான் உண்மையான டிரைவர் எண். ஏஎம்டிக்கும் இன்டெலுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது.

மூன்று, இன்னும் கீழே, பிளகின்கள் ஏறி முடிந்த இடத்தில் ‘அவைலபிள் என்கோடர்ஸ்’ பட்டியல். அங்கே என்வென்க், ஏஎம்எஃப் (ஏஎம்டி), கியூஎஸ்வி (குயிக்சிங்க்) ஆகியவற்றில் உங்களுக்கு உரியது இருக்கிறதா? இருந்தால், ஓபிஎஸ் கண்டுபிடித்துவிட்டது. சிக்கல் ப்ரொஃபைலிலோ (ஓபிஎஸ் அமைப்புகளின் தொகுப்பு) சேவைத் தேர்விலோதான். இல்லாவிட்டால், அதற்குச் சற்று மேலே ஏன் இல்லை என்று ஒரு வரி இருக்கும். டிரைவர் பழையது, கார்டு ஆதரிக்கவில்லை, சோதனை தோற்றது என்று ஏதாவது சொல்லும். அந்த வரியை வைத்துக்கொண்டு கீழே உரிய பகுதிக்குப் போனால் பாதி நாள் மிச்சம்.

கார்டிலேயே இல்லாத கார்டுகள்

என்விடியா என்ற பெயர் இருந்தால் என்வென்க் இருக்கும் என்று நம்புவது இயல்புதான். ஆனால் ஜிடி 1030இல் அது கிடையாது. லேப்டாப்பில் வரும் எம்எக்ஸ்150, எம்எக்ஸ்250, 940எம்எக்ஸ் ஆகியவற்றிலும் கிடையாது. எந்த டிரைவர் போட்டாலும் வராது. சுற்றே இல்லாதபோது டிரைவர் என்ன செய்யும்? எம்எக்ஸ் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு ஆறுதல்: அவற்றில் பெரும்பாலும் கிராபிக்ஸ் உள்ள இன்டெல் சிபியு இருக்கும், அதன் குயிக்சிங்க் வேலை செய்யும்.

ஏஎம்டியில் பேர்போனவை 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, ஆர்எக்ஸ் 6400. இரண்டும் நவி 24 என்ற லேப்டாப் சிப்பை எடுத்துச் செய்தவை. வீடியோ உருவாக்கும் சுற்று இல்லை. கேமுக்காக வாங்கினால் பரவாயில்லை, ஸ்ட்ரீமுக்காக இவற்றை வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன். இதைவிடப் பழைய ஆர்எக்ஸ் 570இல்கூட என்கோடர் உண்டு.

இன்டெல் சிபியுவின் பெயர் எஃப் அல்லது கேஎஃப் என்று முடிந்தால், உதாரணமாக ஐ5-12400எஃப், அதில் கிராபிக்ஸ் கிடையாது, குயிக்சிங்க்கும் கிடையாது. ரைசனில் 5000 வரிசை வரையிலான டெஸ்க்டாப் சிபியுக்களில் எண்ணுக்குப் பிறகு ஜி வருபவற்றில்தான் கிராபிக்ஸ் உண்டு. 7000 வரிசையிலிருந்து பெரும்பாலானவற்றில் சிறிய கிராபிக்ஸ் ஒன்று கூடவே வருகிறது, என்கோடரோடு. அங்கேயும் எஃப் என்று முடிந்தால் இல்லை.

பழைய கார்டு வாங்கியவர்களுக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்கப்பட்டவற்றில் போலிகள் நிறைய வந்தன. உள்ளே இருப்பது ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ காலத்து ஃபெர்மி சிப். பயாஸை மாற்றி எழுதி, விண்டோஸிடம் தன் பெயரை 1050 டிஐ என்று சொல்ல வைத்திருப்பார்கள். ஃபெர்மி கெப்ளருக்கு முந்தையது, எனவே என்வென்க் இல்லை. ஓபிஎஸ் லாகில் பெயர் சரியாக இருந்தும் என்கோடர் வராமல், என்விடியாவின் அசல் டிரைவரும் ஏற மறுத்தால் சந்தேகப்படுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவசக் கருவியை ஓட்டுங்கள். 2018இல் வந்த 2.12 பதிப்பிலிருந்து இப்படிப்பட்ட கார்டின் பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று அதுவே எழுதிக் காட்டிவிடும். அப்படி வந்தால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு விற்றவரைத் தேடுங்கள்.

கெப்ளர் கார்டுகளின் கதை வேறு. ஜிடிஎக்ஸ் 600, 700 வரிசைகளில் பெரும்பாலானவற்றில் என்வென்க் இருக்கிறது. ஆனால் என்விடியா அவற்றுக்கான டிரைவரை 2021இல் 470 வரிசையோடு நிறுத்திவிட்டது. என்வென்க் நிரல்தொகுப்பின் 12.1 பதிப்புக்கு விண்டோஸில் 531.61 டிரைவரும், 12.2க்கு 551.76 டிரைவரும் குறைந்தபட்சம் வேண்டும். புதிய ஓபிஎஸ் அப்படிப்பட்ட தொகுப்பை வைத்துக் கட்டப்பட்டிருக்கும்போது 470 டிரைவரோடு பேச முடியாது. சுற்று இருக்கிறது, ஆனால் எட்டாக்கனி. இவர்களுக்குப் பழைய ஓபிஎஸ் பதிப்பு ஒன்றை வைத்துக்கொள்வதே வழி. ஜிடிஎக்ஸ் 750, 750 டிஐ இரண்டும் 700 என்ற எண்ணில் இருந்தாலும் மேக்ஸ்வெல் தலைமுறை என்பதால் தப்பித்தன. மேக்ஸ்வெல், பாஸ்கல் (ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசை) கார்டுகளுக்கும் 580தான் கடைசி டிரைவர் வரிசை. கேம் டிரைவர்கள் 2025 அக்டோபரோடு முடிந்து, இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் என்றாகிவிட்டது. ஆகவே ஜிடிஎக்ஸ் 1060, 1660 இரண்டில் எதைப் பழசாக வாங்கலாம் என்று யோசிப்பவர்கள், டூரிங் தலைமுறையான 1660 பக்கம் சாய்வது நல்லது.

டிரைவர்

கார்டில் என்கோடர் உண்டு என்று உறுதியானால் அடுத்தது டிரைவர். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் பகுதியில் மஞ்சள் ஆச்சரியக்குறி இருக்கிறதா, ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் என்கோடரைத் தேடுவதற்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும்.

மற்றபடி, கார்டு செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து முழு டிரைவரை இறக்கிப் போடுங்கள். விண்டோஸ் அப்டேட் தானாகப் போடும் டிரைவர் பழையதாக இருக்கலாம். ‘தேவையில்லாததையெல்லாம் நீக்கிய’ லைட் விண்டோஸ், எடை குறைத்த டிரைவர் என்று சிலர் பகிர்கிறார்களே, அவற்றில் என்கோடர் கோப்பும் சேர்ந்து போயிருக்கக்கூடும். என்விடியாவுக்கு, விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையில் ‘என்வி-என்கோட்-ஏபிஐ-64’ என்ற டிஎல்எல் கோப்பு இருக்க வேண்டும். ஏஎம்டிக்கு ‘ஏஎம்எஃப்-ஆர்டி-64’. தேடிப் பாருங்கள். இல்லையென்றால் டிரைவர் முழுமையாக ஏறவில்லை. வேறு தளங்களில் இருந்து அந்த ஒரு டிஎல்எல்லை மட்டும் இறக்கி ஒட்டாதீர்கள். டிரைவரின் மற்றப் பாகங்களோடு பதிப்புப் பொருந்தாது. வைரஸும் சேர்ந்து வரலாம்.

சாதாரணமாக மேலேயே புதிய டிரைவரைப் போட்டு, கணினியை மறுதொடக்கம் செய்தால் போதும். மறுதொடக்கம் என்றால் ‘ரீஸ்டார்ட்’தான். ‘ஷட்டவுன்’ கொடுத்துத் திறந்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணமாக விண்டோஸின் ஒரு பகுதி முழுதாக மூடித் திறப்பதில்லை.

அதற்கும் மசியவில்லையா, அல்லது என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கோ, அங்கிருந்து இங்கோ கார்டு மாற்றினீர்களா? அப்போது டிடியு என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் உதவும். புதிய டிரைவரை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். இணைய இணைப்பைத் துண்டியுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் துடைத்த கையோடு விண்டோஸ் தன் டிரைவரைப் போட்டுவிடும். பிறகு சேஃப் மோடில் போய் டிடியுவை ஓட்டி, சாதாரணமாகத் திறந்து, இறக்கி வைத்ததைப் போடுங்கள். இதை முதல் வேலையாகச் செய்ய நான் சொல்லமாட்டேன்.

சோதனை நிரலைத் தடுக்கும் ஆன்டிவைரஸ்

கார்டும் சரி, டிரைவரும் சரி, ஆனாலும் பட்டியலில் இல்லை. இந்த இடத்தில்தான் பலர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். ஓபிஎஸ் திறக்கும்போது நேரடியாக டிரைவரைத் தொடுவதில்லை. டிரைவர் விழுந்தால் தானும் விழக்கூடாது என்பதற்காக, தனியாக ஒரு குட்டி நிரலை ஓட்டி ‘என்கோடர் இருக்கிறதா’ என்று கேட்கவைக்கிறது. ஓபிஎஸ் கோப்புறையில் ‘பின்’ என்பதற்குள் ‘64பிட்’ என்ற இடத்தில் ஓபிஎஸ்-என்வென்க்-டெஸ்ட், ஓபிஎஸ்-ஏஎம்எஃப்-டெஸ்ட், ஓபிஎஸ்-கியூஎஸ்வி-டெஸ்ட் என்று மூன்று இருக்கும். ஆன்டிவைரஸ் இதில் ஒன்றைப் பிடித்துத் தனிமைப்படுத்திவிட்டால் அந்த என்கோடர் பட்டியலுக்கு வராது. ஓபிஎஸ் எந்த எச்சரிக்கையும் காட்டாது. லாகில் மட்டும் ஒரு வரி.

கோப்பு அங்கே இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஆன்டிவைரஸின் தனிமைப் பட்டியலிலிருந்து மீட்டு, ஓபிஎஸ் கோப்புறையை விலக்குப் பட்டியலில் சேருங்கள். பிறகு ஹெல்ப் மெனுவில் ‘செக் ஃபைல் இன்டெக்ரிட்டி’ கொடுத்தால் விடுபட்ட, கெட்டுப்போன கோப்புகளை ஓபிஎஸ்ஸே இறக்கி நிரப்பிக்கொள்ளும். ஓபிஎஸ்ஸை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கியிருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

இரண்டு கிராபிக்ஸ் உள்ள கணினி

லேப்டாப்பில் சிபியுவின் கிராபிக்ஸ் ஒன்று, தனிக் கார்டு ஒன்று. சில கேமிங் லேப்டாப்களில் மின்சாரம் மிச்சப்படுத்தும் மோட் தனிக் கார்டை அடியோடு அணைத்துவிடும். ஆசஸின் ஈகோ மோட் அப்படித்தான்: டிவைஸ் மேனேஜரிலிருந்தே கார்டு காணாமல் போகும். சார்ஜர் சொருகினால் என்வென்க் வருகிறது, கழற்றினால் போகிறது என்றால் காரணம் இதுதான். ஸ்டாண்டர்ட் மோடுக்கு மாற்றிவிட்டு ஓபிஎஸ்ஸைத் திறங்கள்.

கார்டு விழித்திருந்தும் ஓபிஎஸ் எதில் ஓடுகிறது என்பது கேள்வி. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய் ஓபிஎஸ்ஸைச் சேர்த்து ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ கொடுத்தால் தனிக் கார்டில் ஓடும். ஓபிஎஸ் இன்டெல் கிராபிக்ஸில் ஓடினாலும் என்வென்க் பெயர் பெரும்பாலும் பட்டியலில் இருக்கும். ஆனால் ஒவ்வொரு ஃப்ரேமையும் ஒரு கிராபிக்ஸிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்க வேண்டியிருப்பதால் திணறும். மாற்றிய பிறகு டிஸ்ப்ளே கேப்சர் கறுப்பாக வந்தால் அதன் கேப்சர் மெதடை ‘விண்டோஸ் 10’ என்று குறிப்பிட்டிருப்பதற்கு மாற்றுங்கள்.

டெஸ்க்டாப்பில் நேர் எதிர்ச் சிக்கல். தனிக் கார்டைச் சொருகியதும் பல மதர்போர்டுகள் சிபியு கிராபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும், குயிக்சிங்க் போய்விடும். பயாஸில் போய் ‘ஐஜிபியு மல்டி மானிட்டர்’ அல்லது ‘இன்டர்னல் கிராபிக்ஸ்’ என்ற அமைப்பை ‘எனேபிள்ட்’ ஆக்குங்கள், ‘ஆட்டோ’ போதாது. பிறகு விண்டோஸில் இன்டெல் டிரைவரையும் போட வேண்டும். என்கோடர் இல்லாத ஜிடி 1030, ஆர்எக்ஸ் 6400 வைத்திருப்பவர்களின் சிபியு எஃப் வகை இல்லையென்றால், புதிதாக எதையும் வாங்காமல் தப்பிக்கும் வழி இது. அப்புறம், மானிட்டர் ஒயரை மதர்போர்டின் பின்புறத் துளையில் சொருகிவிட்டுக் கார்டைக் குறை சொல்பவர்களும் உண்டு. கார்டில் உள்ள துளையில் சொருகுங்கள்.

தொலைவிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஓபிஎஸ்ஸைத் திறந்து சோதிக்காதீர்கள். அந்த இணைப்பில் விண்டோஸ் காட்டும் கிராபிக்ஸே வேறாக இருக்கலாம். கணினி முன்னால் உட்கார்ந்து பாருங்கள்.

பழைய ப்ரொஃபைல்

கார்டு மாற்றியவர்களுக்கு மட்டும். ஓபிஎஸ் ப்ரொஃபைலில் பழைய என்கோடரின் பெயர் எழுதப்பட்டிருக்கும். என்விடியா போய் ஏஎம்டி வந்தபிறகும் அது என்வென்க்கைத் தேடிக்கொண்டிருக்கும். பெட்டி வெறுமையாகத் தெரியும், அல்லது ஸ்ட்ரீம் தொடங்க மறுக்கும். ப்ரொஃபைல் மெனுவில் புதிதாக ஒன்று உருவாக்கி அதில் பாருங்கள். சீன்கள் தனியாகச் சேமிக்கப்படுவதால் அவை போகாது. ஸ்ட்ரீம் கீயையும் அவுட்புட், வீடியோ அமைப்புகளையும் மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும்.

பெயர் இருக்கிறது, தொடங்கினால் பிழை

என்வென்க் பிழைச்செய்தியில் ஒரு எண் வரும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

15 என்றால் பதிப்புப் பொருந்தவில்லை. டிரைவர் ஓபிஎஸ்ஸைவிடப் பழையது. புதுப்பியுங்கள்.

10 என்றால் நினைவகம் போதவில்லை என்று சொல்லும். உண்மையிலேயே கார்டின் நினைவகமான விரேம் முழுவதையும் கேம் தின்றிருக்கலாம். ஆனால் ஜிஃபோர்ஸ் கார்டுகளில் ஒரே நேரத்தில் எத்தனை என்கோடிங் ஓடலாம் என்று டிரைவரிலேயே ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினாலும் இதே எண்தான் வரும். முன்பு இரண்டு, பிறகு மூன்று, 2023இல் ஐந்து, 2024இல் எட்டு என்று என்விடியா உயர்த்தியது. பழைய டிரைவரோடு என்விடியாவின் இன்ஸ்டன்ட் ரீப்ளே ஒன்று, டிஸ்கார்டு திரைப்பகிர்வு ஒன்று, ஓபிஎஸ்ஸில் ஸ்ட்ரீமும் ரெக்கார்டிங்கும் தனித்தனியாக இரண்டு என்று வைத்தால் வரம்பு தாண்டிவிடும். மற்றவற்றை மூடுங்கள், டிரைவரைப் புதுப்பியுங்கள்.

8 என்றால் நீங்கள் கேட்டதைக் கார்டால் செய்ய முடியாது; 12 என்றாலும் கிட்டத்தட்ட அதேதான். வழக்கமான குற்றவாளிகள் மூன்று. எச்.264இல் என்வென்க் 4096 பிக்சல் அகலத்தைத் தாண்டாது. இரண்டு 2560 மானிட்டர்களைப் பக்கத்தில் வைத்து 5120 அகலத்தில் பதிவுசெய்ய முயன்றால் தோற்கும். அளவைக் குறையுங்கள், அல்லது ஜிடிஎக்ஸ் 10 வரிசை முதல் 8192 வரை தாங்கும் எச்இவிசிக்கு மாறுங்கள். அடுத்தது, அட்வான்ஸ்ட் பக்கத்தில் கலர் ஃபார்மட். யாரோ சொன்னார்கள் என்று 10 பிட் நிறத்துக்கான பி010 வைத்திருப்பீர்கள், எச்.264க்கு அது ஒத்துவராது. என்வி12க்குத் திரும்புங்கள். மூன்றாவது பி-ஃப்ரேம், அதாவது முன்னும் பின்னும் உள்ள ஃப்ரேம்களை வைத்துச் சுருக்கப்படும் ஃப்ரேம். முதலில் வந்த ஜிடிஎக்ஸ் 1650 டூரிங் கார்டுதான் என்றாலும் அதற்குள் வைத்த என்கோடர் முந்தைய வோல்டா தலைமுறை. எச்இவிசியில் பி-ஃப்ரேம் செய்யத் தெரியாது. 0 என்று வையுங்கள்.

லினக்ஸ்

என்விடியா கார்டுகளுக்கான திறமூல டிரைவரான நூவோவில் என்வென்க் கிடையாது. என்விடியாவின் சொந்த டிரைவர் வேண்டும். உபுண்டுவில் டிரைவர் எண்ணோடு பொருந்தும் லிப்-என்விடியா-என்கோட் தொகுப்பும் இருக்க வேண்டும். ஃபிளாட்பேக் (தனிப் பெட்டிபோல ஓடும் நிரல் தொகுப்பு) ஓபிஎஸ் என்றால், கணினியில் டிரைவர் எண் மாறும்போதெல்லாம் ஃபிளாட்பேக்குக்குள் இருக்கும் என்விடியா பகுதியும் மாற வேண்டும். டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகு என்வென்க் மறைந்தால் முதலில் ‘ஃபிளாட்பேக் அப்டேட்’ கட்டளையை ஓட்டுங்கள். லேப்டாப்பைத் தூங்கவைத்து எழுப்பிய பிறகு மட்டும் மறைந்தால் என்விடியா-யுவிஎம் மாட்யூலைக் கழற்றி மறுபடி ஏற்றிப் பாருங்கள், அல்லது மறுதொடக்கம்.

ஏஎம்டி, இன்டெல் கிராபிக்ஸுக்கு இங்கே விஏ-ஏபிஐ என்ற வீடியோ இடைமுகம்தான் வழி. ஃபெடோரா 37 காலத்தில், 2022இல், காப்புரிமைக் காரணத்தால் மெசா என்ற திறமூல கிராபிக்ஸ் டிரைவர் தொகுப்பிலிருந்து எச்.264, எச்இவிசி ஆதரவை நீக்கினார்கள். ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்தின் ‘ஃப்ரீவேர்ல்ட்’ என்று முடியும் மெசா விஏ டிரைவரைப் போட்டால் ஏஎம்டி கார்டுகளுக்கு அது திரும்ப வரும்.

வேலை செய்கிறதா, எப்படி உறுதிசெய்வது

பட்டியலில் பெயர் வந்ததோடு விடாதீர்கள். ஒரு நிமிடம் ரெக்கார்டிங் போட்டு, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், ஜிபியு என்று போய் ‘வீடியோ என்கோட்’ வரைபடத்தைப் பாருங்கள். புதிய ஏஎம்டி கார்டுகளில் அது ‘வீடியோ கோடெக்’ என்ற பெயரில் இருக்கும். கோடு எழும்பினால் என்கோடர் உழைக்கிறது. வரைபடம் தட்டையாக இருந்து சிபியு ஏறினால் இன்னும் எக்ஸ்264தான் ஓடுகிறது. ‘என்கோடிங் ஓவர்லோடட்’ என்று வந்தால் என்கோடர் காணவில்லை என்பதல்ல, கேம் ஜிபியுவை முழுக்க எடுத்துக்கொண்டது. கேமின் ஃப்ரேம் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வையுங்கள், ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள்.

எந்த வழியும் இல்லாதவர்களுக்கு எக்ஸ்264 இருக்கிறது. ப்ரீசெட் ‘வெரிஃபாஸ்ட்’, அவுட்புட் 1280×720, நொடிக்கு 30 ஃப்ரேம், பிட்ரேட் 3000 கேபிபிஎஸ் அளவில் தொடங்குங்கள். ஆறு கோர் உள்ள சிபியுவுக்கு இது பெரிய பாரம் அல்ல. நான்கு கோர் என்றால் கேமைப் பொறுத்தது. திணறினால் ப்ரீசெட்டை ‘சூப்பர்ஃபாஸ்ட்’ ஆக்குங்கள். படம் கொஞ்சம் மங்கும், ஆனால் விட்டுவிட்டு வராது. கார்டு வாங்கியே ஆக வேண்டும் என்ற நிலை வந்து, மதர்போர்டில் இரண்டாவது ஸ்லாட் காலியாக இருந்தால், இன்டெல் ஆர்க் ஏ310 அல்லது ஏ380ஐ என்கோடிங்குக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். இருக்கிற கார்டு கேமைப் பார்த்துக்கொள்ளும், ஏவி1உம் கிடைத்துவிடும்.